வெளிச்சம் பட்டால் வெடிக்கும்

ஆராய்ச்சி செய்கிறவருக்கு மனைவியாக இருப்பது முழு நேர வேலை. ஆள் எடுக்கும்போது மட்டும் என்ன வேலை என்று யாரும் சொல்வதில்லை. என் தங்கையைச் சோமனூரில் தறிக்காரருக்குக் கொடுத்தார்கள். அவள் வீட்டிலும் நாள் முழுக்கச் சத்தம்தான், ஆனால் சாயங்காலம் துணி வருகிறது. என்னைத் திருப்பூரில் பிசிக்ஸ் லெக்சரருக்குக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் சத்தம் மட்டும் வந்தது.

அந்தச் சத்தம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாயப்பட்டறையில் பெரிய தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக ரொப்பி, அடைப்பை ஒரே இழுப்பில் பிடுங்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். என் கணவர் மின்சாரத்தை அப்படிச் செய்தார். வரிசையாகக் கண்டென்சர் டப்பாக்கள். அவற்றில் மின்சாரத்தை ரொப்பி, கண் மூடித் திறப்பதற்குள் மொத்தத்தையும் கொட்ட வேண்டும். அடைப்பு எது என்றால், எதிரெதிரே இரண்டு பித்தளைக் குமிழ்கள், நடுவில் சின்ன இடைவெளி. மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டினால் இடி. சங்கடம் என்னவென்றால், அது தன் இஷ்டத்துக்குத் தாண்டும். நாம் சொல்கிற நொடியில் தாண்டவைக்க, லேசர் என்கிற வெளிச்சத்தை லென்ஸ் வழியாக அந்த இடைவெளிக்குள் பாய்ச்ச வேண்டுமாம். வெளிச்சம் பட்ட காற்று வழிவிடுமாம், மின்சாரம் குதிக்குமாம். இதுதான் அவருடைய டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. லேசரையும் அவரே அலுமினியத் தகடும் பாலிதீன் தாளும் வைத்துக் கட்டினார். உடன் நின்று ஸ்குரு எடுத்துக் கொடுத்தது நான். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்கு எம்பிராய்டரியும், ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கவும் கற்றுக் கொடுத்திருந்தார்கள். எம்பிராய்டரி பயன்படவில்லை.

காலேஜில் அவருக்குச் சம்பளமில்லாத லீவு. இடம், மாமனாருடைய பனியன் கம்பெனியை ஒட்டின தகரக் கொட்டகை. பட்டம் வந்தால் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை, குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் என்றால் தனிச் சமையலறை. அங்கே நான் வைத்த உப்பு டப்பா நான் வைத்த இடத்திலேயே இருக்கும். கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். பட்டம் வராவிட்டால், தை மாதம் புது நிட்டிங் மிஷின்கள் வந்து இறங்கும்போது கொட்டகையைக் காலி செய்துவிட்டு அவர் கம்பெனியில் உட்கார வேண்டும். இது மாமனார் வைத்த கெடு. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் மனதுக்குள் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

எருமையின் ஆட்சேபம்

பக்கத்து வீட்டுக் கருப்பாத்தாக்காவிடம் இரண்டு எருமைகள் இருந்தன. கொட்டகையில் இடி விழுந்தால் அவை காலை உதறும். பால் சொம்பு உருளும். ஒரு நாள் காலையில் முந்தானையெல்லாம் பாலாக அவர் வந்து நின்றார். "ஏனுங் அம்மிணி, உங்கூட்டுக்காரரு வெடிக்கறதை நான் கறக்கறதுக்கு மின்னாலயோ பொறவோ வெச்சுக்கச் சொல்லக் கூடாதுங்களா?" என்றார். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் உள்ளே போய்ச் சொன்னேன். என் கணவர் குமிழைத் திருகிக்கொண்டே, "அது எப்போ வெடிக்கும்னு எனக்கே தெரியாதே சரோ, அதைக் கண்டுபிடிக்கத்தானே இத்தனையும்?" என்றார்.

அதை அப்படியே வெளியே வந்து சொன்னேன். சொல்லும்போதே என் காதுக்கே அது நன்றாக இல்லை. கருப்பாத்தாக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபம்கூடப் போய்விட்டது அவருக்கு, பரிதாபம்தான் இருந்தது. "எப்ப வெடிக்கும்னு அவருக்கே தெரியாதுன்னா, அப்பறம் அதென்னங்க அம்மிணி படிப்பு?"

கல்யாண வேட்டி

திருப்பூரில் பஞ்சுத்தூசு இல்லாத இடம் கிடையாது. சோற்றில் இருக்கும், புருவத்தில் இருக்கும், சாமி படத்தில் இருக்கும். அது போய்ப் பித்தளைக் குமிழ்களில் உட்கார்ந்தால், மின்சாரம் அந்தத் தூசு முனையைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்குக் காத்திராமல் குதித்துவிடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் குமிழையும் லென்ஸையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது என் வேலை. நான் துடைக்கத் துடைக்க வெடிப்பு அதிகமானது. வாரக்கணக்கில் இப்படி. அவர் வயரைச் சந்தேகப்பட்டார், டிரான்ஸ்பார்மரைச் சந்தேகப்பட்டார், ஈரக்காற்றைச் சந்தேகப்பட்டார். நான் எதை வைத்துத் துடைக்கிறேன் என்று யாரும் பார்க்கவில்லை. இந்த ஊரில் மிஷின் துடைக்க, கை துடைக்க, மூக்குத் துடைக்க எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தான். அறுத்துப்போட்ட பின்னல் துணியால் துடைத்துத் துடைத்து, குமிழில் இருந்த தூசை எடுத்துவிட்டுப் புதுத் தூசு வைத்துக்கொண்டிருந்தோம்.

தூசு விடாத துணி பட்டு. பட்டுக்கு எங்கே போவது? பீரோவில் அவருடைய கல்யாண வேட்டி இருந்தது. என் புடவையை வெட்டவில்லை. எனக்கு அந்த அளவுக்குத் தியாக புத்தி கிடையாது. வேட்டியைக் கைக்குட்டை கைக்குட்டையாக நறுக்கினேன். இஷ்டத்துக்கு வெடிப்பது நின்றது. அன்றைக்குக் கொட்டகைப் பக்கம் வந்த மாமனார், என் கையில் இருந்த ஜரிகைக் கரையை அடையாளம் கண்டுகொண்டார். "கல்யாண வேட்டியில மிஷினு தொடைக்கற ஊடு இந்த ஜில்லாவுலயே இது ஒண்ணுதான் அம்மிணி."

பழனிச்சாமி செய்த உபகாரம்

கம்பெனியின் பிட்டர் பழனிச்சாமிக்கு எங்கள்மேல் பிரியம். நாங்கள் ஒரு கல்யாணத்துக்குக் குன்னத்தூர் போயிருந்தபோது, கொட்டகைக்குள் ஒரு மிஷின் கவனிப்பாரற்று வறண்டு கிடப்பதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. எண்ணெய்க் கேனை எடுத்துவந்து, குமிழ்களுக்கு, கம்பிகளுக்கு, பாலிதீன் தாள்களின் இடுக்குக்கெல்லாம் சொட்டுச் சொட்டாக விட்டுப் பூப்போல வைத்துவிட்டுப் போய்விட்டார்.

திரும்பி வந்து முதல் தடவை போட்டபோது நடந்ததை என்னால் வர்ணிக்க முடியாது; புகையில் எதுவும் தெரியவில்லை. பாலிதீன் பொத்தலாகி, லேசர் கருகி, குமிழ்கள் அடுப்புக்கரி போல ஆகிவிட்டன. கோடை முழுவதும் அதைக் கழற்றி மறுபடி கட்டுவதில் போனது. தை மாதம் அதற்காகத் தள்ளிப் போகவில்லை. பழனிச்சாமியைக் கூப்பிட்டு, உன்னை யார் எண்ணெய் விடச் சொன்னது என்று நான் கேட்ட கேள்வியில் கம்பெனியே திரும்பிப் பார்த்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, நான்தான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்பது போலப் பொறுமையாகச் சொன்னார்: "எண்ணெய் விடாம மிஷினு வெச்சிருக்கறவங்க ஊட்டுல சோறு எறங்குமுங்களாக்கா?"

தெருவின் கோரிக்கை

அது பவர் கட் காலம். கண்டென்சர் பாதி ரொம்பியிருக்கும்போது கரண்ட் போய்விடும். பாதி ரொம்பிய கண்டென்சர் பாதி தூங்குகிற பாம்பு. பக்கத்தில் போக முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. நீண்ட மூங்கில் கம்பின் நுனியில் செம்புக் கொக்கி கட்டி, அதைக்கொண்டு தொட்டு மிச்ச மின்சாரத்தைத் தரைக்கு இறக்க வேண்டும். கொக்கி பிடிப்பது நான். என் கல்யாணத்தன்று தாலிக்கொடிக்கு வேண்டிக்கொண்டதைவிட அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டு அதிகம் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு தடவை லைன்மேன் வந்தார். பவர் கட்டைக் குறைக்கச் சொல்லி ஊரெல்லாம் மனு கொடுக்கிறார்களே, அதைப் பற்றி ஏதோ நல்ல செய்தி என்று காப்பி கொடுத்து உட்காரவைத்தேன். அவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, சங்கடத்தோடு மேலே பார்த்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "உங்காளு வெடிக்கறப்பல்லாம் எல்லாரு ரேடியோவும் கரகரங்குதாமுங்க. கரண்டு நின்னாத்தான் டிரான்சிஸ்டர்ல பாட்டு தெளிவாக் கேக்குதாம். ஊருக்கே கரண்டு வேணுமுங்க, உங்க தெருவு மட்டும் வேண்டாங்கறாங்க."

வெள்ளை

எங்கள் லேசரின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. இதைப் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதற்குள் என் உயிர் போய்விடும். சிவப்பாக ஒரு கோடு பாயும் என்று ஆசையோடு வருவார்கள்; பட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சினிமாவுக்கு வந்து திரை விழுந்தது போல் நிற்பார்கள். அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்று தெரியாமல் லென்ஸை எப்படித் திருப்புவது? வெள்ளைத் துணிதான் வழி காட்டியது. பட்டறையில் வெளுக்கும்போது போடுகிற நீல மருந்து ஏறிய பனியன் துணியை எதிரே பிடித்தால், வெளிச்சம் படுகிற இடம் மட்டும் பளிச்சென்று நீலமாக மின்னும்.

மாமனார் அதைப் பார்த்த அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கொட்டகைக்குள் உட்கார்ந்தார். "இன்னொருக்காப் போடு கண்ணு," என்றார். மறுபடி, மறுபடி. என் கணவரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அப்பாவுக்குக் கடைசியில் புரிந்துவிட்டது என்று நினைத்தார். நானும்தான் நினைத்தேன். குவார்ட்டர்ஸில் ஜன்னலுக்குத் திரை என்ன நிறம் என்பது வரைக்கும் போய்விட்டேன். மாமனார் எழுந்து போய், பட்டறையிலிருந்து அன்று வந்த லாட்டில் நாலைந்து பனியனை அள்ளி வந்து ஒவ்வொன்றாகப் பிடிக்கச் சொன்னார். சிலது நன்றாக மின்னியது, சிலது மங்கல். பட்டறைக்காரர் மருந்தை ஒரே சீராகப் போடவில்லை என்று தெரிந்துவிட்டது. துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு சண்டைக்குக் கிளம்பியவர், வாசலில் நின்று திரும்பி மகனை மெச்சினார். "உருப்படியா ஒண்ணு பண்ணிருக்கறே கண்ணு. ஆனா இதுக்குப் போயி இத்தனை சத்தம் எதுக்கு?"

பனியன் அட்டை

ஆடியில் எல்லாம் கூடி வந்தது. பட்டனை அழுத்தினால் லேசர் பட்டென்னும், உடனே குமிழ்களில் இடி. இடி விழுகிற நேரத்தை அளந்து காட்ட காலேஜில் இரவல் வாங்கிய ஆசிலாஸ்கோப் திரையில் பச்சைக் கோடு ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் எழும்பியது. மாதக்கணக்காக எழும்பியது. அதையெல்லாம் ஆய்வுரையாக எழுதி அனுப்பினார். அதைச் சோதிக்க வேண்டிய பேராசிரியர், நேரிலேயே பார்த்துவிடுகிறேன் என்று மார்கழியில் மெட்ராஸிலிருந்து வந்தார். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்குச் செய்வது போல விருந்து தயார் செய்துவிட்டு, பட்டுத்துணியோடு நானும் கொட்டகையில் நின்றேன்.

இவர் போட்டுக் காட்டினார். இடி. கோடு. மறுபடி போட்டார், அதே இடம். பேராசிரியர், "ரொம்ப அழகா இருக்கு சார்," என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அவர், "இப்ப லேசர் ஓடட்டும். வெளிச்சத்தை மட்டும் மறைச்சுட்டுப் பாக்கலாமா?" என்றார்.

என் கணவர் சிரித்தார். "லேசரைப் போடாம எத்தனையோ தடவை பாத்துட்டனுங்க சார். இடியே விழாது."

"போடாம இல்லை. போட்டுட்டு, மறைச்சு."

அலமாரியில் பனியன் மடிப்புக்குள் வைக்கிற அட்டை ஒன்று கிடந்தது. பேராசிரியர் அதை எடுத்து லென்ஸுக்கு முன்னால் சாய்த்து வைத்தார். இவர் பட்டனை அழுத்தினார். இடி விழுந்தது. பச்சைக் கோடு அதே இடத்தில் எழுந்து நின்றது. இவர் அட்டையை எடுத்து வாசல் வெயிலுக்கு நேராகப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். ஓட்டை இல்லை. இரண்டு அட்டை வைத்தார். இடி. நான் ஓடிப்போய்ச் சமையலறையிலிருந்து எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்தேன். தட்டை வைத்தும் இடி விழுந்தது.

விஷயம் இவ்வளவுதான். லேசருக்குள்ளேயும் சின்னதாக ஒரு வெடி உண்டு. அது இல்லாமல் லேசர் எரியாது. லேசருக்கும் குமிழ்களுக்கும் தரைக்கு இறங்கிய கம்பி ஒன்றே. மாவு மிஷினைப் போட்டால் பக்கத்து வீட்டு பல்பு துடிக்கிற மாதிரி, சின்ன வெடியின் அதிர்ச்சி கம்பி வழியே போய்க் குமிழ்களைத் தட்டி எழுப்பியிருக்கிறது. வெளிச்சத்துக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. லேசரை அணைத்தால் சின்ன வெடியும் இல்லை. அதனால் இடியும் இல்லை. அதைத்தான் இவர் வெளிச்சத்தின் மகிமை என்று எழுதியிருந்தார். தரைக் கம்பியைத் தனித்தனியாகப் பிரித்து, லேசரை இரும்புப் பெட்டிக்குள் அடைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டும், இன்னும் ஒரு வருஷம் ஆகலாம், அப்புறம் நிஜமாகவே வெளிச்சத்தால் நடக்கவும் கூடும் என்று பேராசிரியர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

இலை போட்டேன். மாமனாரும் வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் தலை நிமிரவில்லை. என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று பேராசிரியர் தவித்தது தெரிந்தது. கடைசியில் பேசிவிட்டார். "ரசம் ரொம்ப நல்லா இருக்கும்மா."

நான் கேட்டது

மாமனாரிடம் நான் எனக்கென்று எதுவும் கேட்டதில்லை. கேட்கிற பழக்கம் வந்துவிட்டால் தினமும் கேட்க வேண்டியிருக்கும். அந்த வாரம் போனேன். கம்பெனி வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவர் கொட்டகைக்குள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். இவர் வந்து கேட்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

"மாமா, கொட்டகையை இன்னும் ஒரு வருஷத்துக்கு விடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மிஷினு ரயில்ல ஏத்தியாச்சே அம்மிணி."

"வேறெங்காவது இறக்கி வைக்கக் கூடாதுங்களா? நம்மூரில் இடமா இல்லை?"

இடம் இருந்தது, அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஒரு வருசத்துல அவன் நெனச்சது நிச்சயமா ஆயிருமா? நீ கூடவே நிக்கறவ. நீ சொல்லு, நான் கேக்கறேன்."

ஆகிவிடும் மாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று வருஷமாக எருமைக்காரருக்கும் லைன்மேனுக்கும் நாக்கூசாமல் சமாதானம் சொன்னவள்தான் நான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை. அட்டையும் தட்டும்தான் கண்ணுக்குள் நின்றன. "தெரியலீங்க மாமா," என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டவர் போலச் சொன்னார்: "ஒரு பொய்யச் சொல்லீருந்தாக்கூட உட்டுருப்பனே அம்மிணி."

புது மிஷின்

தை பிறந்ததும் மிஷின்கள் வந்து இறங்கின. கண்டென்சர்களைக் காலேஜ் வண்டி எடுத்துப்போனது. பித்தளைக் குமிழ்களை யாரும் கேட்கவில்லை. இவர் இப்போது கம்பெனியில் உட்காருகிறார். வேலையாட்கள் எல்லாரும் அவரை "டாக்டரண்ணா" என்று கூப்பிடுகிறார்கள். வராத பட்டத்தைச் சொல்லிக் கிண்டல் செய்கிற ஆட்கள் இல்லை அவர்கள், வந்துவிட்டது என்றே நினைக்கிறார்கள். திருத்தப் போனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். அதனால் அவர் திரும்பிப் பார்த்து "என்னப்பா" என்கிறார்.

முதல் மிஷினை ஓட்டிப் பார்த்த அன்று தேங்காய் உடைக்க என்னையும் கூப்பிட்டார்கள். குமிழ்கள் இருந்த இடத்திலேயே அது நின்றது. பழனிச்சாமி ஸ்விட்சைப் போட்டார், ஓடியது. அணைத்தார், நின்றது. போட்டார், ஓடியது. மகிழ்ச்சி தாங்காமல், உலகத்தில் வேறு யாருக்கு இதன் அருமை தெரியப் போகிறது என்கிற நம்பிக்கையோடு என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "பாருங்க டாக்டரண்ணா, அழுத்துனா அழுத்துன நேரத்துக்கு எப்படிக் கேக்குதுன்னு!"

இந்தத் தொழிலில் என் மொத்த அனுபவம் இதுதான் சகோதரிகளே: வெளிச்சத்தால் நடந்தது என்று நாங்கள் கொண்டாடியதெல்லாம் பக்கத்தில் எதுவோ வெடித்த அதிர்ச்சியில் நடந்தது, குவார்ட்டர்ஸ் மட்டும் எதனாலும் நடக்கவில்லை.